அக்டோபர் ஊகங்களும் ஜனவரிக் கடிதங்களும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தின் ஒரு வியாழக்கிழமை, நம் கடிகாரத்தில் மாலை நாலரை ஆகும்போது, ஸ்டாக்ஹோம் பழைய நகரின் பங்குச் சந்தைக் கட்டடத்தில் ஒரு கதவு திறக்கிறது. ஸ்வீடிஷ் அகாதெமியின் நிரந்தரச் செயலாளர் வெளியே வந்து, இலக்கியத்துக்கான நோபெல் பரிசு பெறுபவரின் பெயரை அறிவிக்கிறார். அதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்கள் ஊகத்தின் பருவம். ஜப்பானின் முரகாமிக்கா, ருஷ்டிக்கா, சீனாவின் ட்சான் ஷ்வேக்கா என்று நாளிதழ்கள் பட்டியல் போடுகின்றன. லண்டன் பந்தய நிறுவனங்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விகிதம் வைக்கின்றன. வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த எழுத்தாளருக்காக ஏங்குகிறார்கள். பிறகு எவரும் எதிர்பாராத ஒரு பெயர் வருகிறது, "யார் இவர்?" என்ற கேள்வியோடு அந்தப் பருவம் முடிகிறது.

இந்த ஊகங்கள் ஏன் இவ்வளவு அடிக்கடி தவறுகின்றன? அகாதெமியினர் மனம்போன போக்கில் முடிவெடுக்கிறார்கள் என்பது பலரும் சொல்லும் விளக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பரிசு தீர்மானிக்கப்படும் முறையைப் பார்த்தால், ஊகிப்பவர்கள் தவறான மாதத்தில் தவறான தடயங்களைத் தேடுகிறார்கள் என்பது புரியும். அக்டோபரில் நாம் பரபரப்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்த ஆண்டின் கதை ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும்.

முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே அகாதெமியின் நோபெல் குழு பரிந்துரை கேட்டு உலகெங்கும் கடிதங்களை அனுப்பிவிடுகிறது. பரிந்துரைக்கும் தகுதி நான்கு வகையினருக்கு உண்டு: அகாதெமியின் உறுப்பினர்களும் அதுபோன்ற பிற நாட்டுக் கழகங்களின் உறுப்பினர்களும், பல்கலைக்கழகங்களில் இலக்கியம், மொழியியல் கற்பிக்கும் பேராசிரியர்கள், ஏற்கெனவே இலக்கிய நோபெல் பெற்றவர்கள், ஒரு நாட்டின் எழுத்தாளர்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் சங்கங்களின் தலைவர்கள். தன்னைத் தானே பரிந்துரைத்துக்கொள்ள எவராலும் முடியாது. கடிதங்கள் வந்து சேர வேண்டிய கடைசி நாள் ஜனவரி 31. அப்படிச் சேரும் பெயர்கள் சுமார் இருநூறு. ஏப்ரலுக்குள் அவை பதினைந்து இருபதாகச் சுருங்கும். மே மாத முடிவில் ஐந்து பெயர்கள் மிஞ்சும். கோடை முழுவதும் உறுப்பினர்கள் அந்த ஐவரின் நூல்களைப் படிக்கிறார்கள். செப்டம்பரில் கூடி விவாதிக்கிறார்கள். அக்டோபரில் வாக்கெடுப்பு நடக்கிறது. பாதிக்கு மேல் வாக்குப் பெற்றவருக்குப் பரிசு.

மே மாதத்திலேயே ஐந்து பெயர்கள் உறுதியாகிவிட்ட ஓர் ஆட்டத்தில், செப்டம்பரில் வெளிவந்த ஒரு நாவலோ, ஆகஸ்டில் நிகழ்ந்த ஓர் அரசியல் கொந்தளிப்போ புதிதாக ஒருவரை உள்ளே கொண்டுவந்துவிட முடியாது. 2022 ஆகஸ்டில் சல்மான் ருஷ்டி மேடையில் கத்தியால் குத்தப்பட்டபோது, அவ்வாண்டுப் பரிசு அவருக்கே என்று உலகம் முழுவதும் எழுதினார்கள். அந்த எழுத்துகளின் பின்னால் இருந்த நேர்மையான கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஐவரில் ருஷ்டி ஏற்கெனவே இருந்திருந்தாலொழிய அக்கோபத்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பரிசு பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோவுக்குப் போனது.

பரிந்துரைத்தவர் யார், பரிந்துரைக்கப்பட்டவர் யார் என்ற விவரங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு வெளியிடப்படுவதில்லை. நம் ஊர்ப் பத்திரிகைகளில் அவ்வப்போது "நோபெலுக்குப் பரிந்துரைக்கப்பட்ட எழுத்தாளர்" என்று ஒருவரைக் குறிப்பிடுவார்கள். அதைச் சரிபார்க்க அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும். தகுதியுள்ள எந்தப் பேராசிரியரும் அனுப்பக்கூடிய கடிதம் அது. அந்த இருநூறில் ஒரு பெயராக இருப்பதை விருதுபோலக் கொண்டாடுவது பொருத்தமில்லை. அகாதெமி உறுப்பினர்கள் காக்கும் இரகசியம் சில சமயம் சிறுபிள்ளை விளையாட்டைப் போலவே இருந்திருக்கிறது. பொது இடங்களில் பேசும்போது டோரிஸ் லெஸ்ஸிங்குக்கு 'லிட்டில் டோரிட்' என்றும் ஹெரால்ட் பின்ட்டருக்கு 'ஹாரி பாட்டர்' என்றும் மறைபெயர் வைத்திருந்தார்கள்.

ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்கப்படும் அந்த ஆவணங்கள்தாம் ஊகிப்பவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடநூல். பந்தயப் பட்டியலைப் பார்க்கும் நேரத்தில் கால் பங்கை அவற்றுக்குக் கொடுத்தாலும் நம் பேச்சின் தரம் மாறிவிடும்.

1913-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் லிட்டரேச்சரைச் சேர்ந்த 97 பேர் கூட்டாகத் தாமஸ் ஹார்டியைப் பரிந்துரைத்தார்கள். அதே சங்கத்தின் உறுப்பினரான கவிஞர் தாமஸ் ஸ்டர்ஜ் மூர் தனியாக ஒரு கடிதம் எழுதினார். அதில் இருந்த பெயர் ரவீந்திரநாத் தாகூர். ஆங்கில 'கீதாஞ்சலி' 1912 நவம்பரில்தான், அதுவும் இந்தியா சொசைட்டி என்ற வேறொரு சங்கத்தின் உறுப்பினர்களுக்கான சிறு பதிப்பாக, லண்டனில் வெளிவந்திருந்தது. இரண்டே மாத இடைவெளியில் ஒரு மனிதர் எழுதிய ஒற்றைக் கடிதம் 97 கையெழுத்துகளை வென்றது. அகாதெமிக்குள் வெர்னர் வான் ஹெய்டன்ஸ்டாம் என்ற ஸ்வீடன் கவிஞர் அக்கவிதைகளுக்காக வலுவாக வாதிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அவரே இப்பரிசைப் பெற்றார். வங்க மொழி படிக்கத் தெரிந்த ஓர் உறுப்பினரும் அப்போது அகாதெமியில் இருந்தார். இத்தனையும் ஒன்றுகூடியதால் ஆசியாவுக்கு முதல் இலக்கிய நோபெல் கிடைத்தது. ஹார்டி 1928-இல் இறக்கும்வரை பரிசு பெறவில்லை.

அன்று இதற்குப் பந்தயம் கட்டும் வழக்கம் இருந்திருந்தால் ஹார்டி முதலிடத்தில் இருந்திருப்பார். தாகூரின் பெயர் பட்டியலிலேயே இருந்திருக்காது.

1961-ஆம் ஆண்டின் ஆவணங்கள் 2012 தொடக்கத்தில் திறக்கப்பட்டபோது இன்னொரு செய்தி வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியராக இருந்த சி.எஸ். லூயிஸ் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய தம் நண்பர் டோல்கீனைப் பரிந்துரைத்திருந்தார். குழுவின் ஆண்டர்ஸ் ஓஸ்டர்லிங், கதை சொல்லும் கலையில் டோல்கீன் உயர்ந்த தரத்தை எட்டவில்லை என்று எழுதி ஒதுக்கிவிட்டார். அவ்வாண்டு பரிசு பெற்ற ஐவோ ஆண்ட்ரிச்சுக்குப் பின்னால் இரண்டாவது இடத்தில் இருந்தவர் கிரேஹாம் கிரீன். கிரீன் மேலும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார், ஒவ்வோர் அக்டோபரிலும் அவர் பெயர் பேசப்பட்டது, கிடைக்கவே இல்லை.

அடுத்த ஆண்டின் கதை இன்னும் சங்கடமானது. 1962-இன் இறுதிப் பட்டியலில் ஜான் ஸ்டைன்பெக், ராபர்ட் கிரேவ்ஸ், லாரன்ஸ் டரல், ழான் அனூய், கேரன் பிளிக்சன் ஆகிய ஐவர் இருந்தார்கள். வெளிப்படையாகத் தகுதியுள்ளவர் என்று எவரும் தெரியவில்லை, குழுவின் நிலை பொறாமைப்படத் தக்கதல்ல என்று உறுப்பினர் ஒருவரே குறிப்பில் எழுதியிருக்கிறார். செப்டம்பரில் பிளிக்சன் இறந்துவிட்டார். கிரேவ்ஸ் அடிப்படையில் கவிஞர். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் உயிரோடிருக்கும்வரை ஆங்கிலத்தில் எழுதும் கவிஞர் எவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அந்த உறுப்பினர் கருதினார். பவுண்டுக்கோ அவருடைய பாசிச ஆதரவு அரசியல் காரணமாகக் கொடுக்க முடியாது. இப்படி ஒவ்வொருவராக விலக, ஸ்டைன்பெக் எஞ்சினார். தகுதி உண்டா என்று செய்தியாளர்கள் கேட்டபோது, வெளிப்படையாகச் சொன்னால் இல்லை என்று அவரே பதிலளித்தார். இந்தச் சேர்க்கையை எந்தக் கணிப்பாளரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? எவர் எந்த ஆண்டில் எவரோடு அந்த ஐவர் பட்டியலில் நிற்கிறார் என்பதே பாதி முடிவைத் தீர்மானிக்கிறது. அது வெளியே உள்ள எவருக்கும் தெரியாது.

டால்ஸ்டாயைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1901-இல் முதல் பரிசு பிரெஞ்சுக் கவிஞர் சுல்லி ப்ருதோமுக்குக் கொடுக்கப்பட்டதும், ஸ்வீடனைச் சேர்ந்த 42 எழுத்தாளர்களும் கலைஞர்களும் டால்ஸ்டாயிடம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார்கள். பரிசு கிடைக்காததில் தமக்கு மகிழ்ச்சியே என்று அவர் பதில் எழுதினார். அதன் பிறகு பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் 1910-இல் இறக்கும்வரை அவருக்குக் கொடுக்கப்படவில்லை. உலகம் ஊகித்ததும் அகாதெமி தேர்ந்தெடுத்ததும் வேறுவேறாக இருப்பது முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

இனிப் பந்தய விகிதங்கள். பிரிட்டனின் லாட்ப்ரோக்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்தப் பட்டியலை எப்படித் தயாரிக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களிடம் அகாதெமியைப் பற்றிய தனித் தகவல் எதுவும் கிடையாது. கடந்த ஆண்டுப் பட்டியல், விமரிசகர்களின் பேச்சு, பிற பரிசுகள், வாசகர்களின் உரையாடல் ஆகியவற்றிலிருந்து பெயர்களைத் திரட்டுகிறார்கள். பிறகு பணம் வரும் பக்கம் விகிதம் சாய்கிறது. குதிரைப் பந்தயத்தோடு ஒப்பிட்டால் இங்கே புழங்கும் பணம் மிகக் குறைவு. சிலர் சேர்ந்து சிறு தொகை கட்டினாலே ஒரு பெயர் மேலேறிவிடும். மறுநாள் நாளிதழ்கள் "நோபெல் போட்டியில் இன்னார் முன்னணி" என்று எழுதுகின்றன. அதைப் படித்து இன்னும் சிலர் பணம் கட்டுகிறார்கள். நம் பேச்சை நாமே திரும்பக் கேட்டு, அதை ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த செய்தி என்று நம்புகிறோம்.

2010-இல் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ முன்னணியில் இருந்தார். பரிசு வர்காஸ் யோசாவுக்கு. 2011-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் கடைசி நாளில் மேலே ஏறினார். பரிசு தோமாஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு. 2013-இல் முரகாமி, பரிசு ஆலிஸ் மன்றோவுக்கு. 2016-இல் ஓர் அமெரிக்க இதழ், டிலனுக்கு நூறு சதவீதம் கிடைக்காது என்று எழுதியது. ஒரு வாரத்தில் டிலனுக்கே கிடைத்தது. 2021-இல் அப்துல்ரஸாக் குர்னாவைப் பற்றிப் பெரும்பாலான பட்டியல்கள் யோசிக்கவே இல்லை. இன்றைய தான்சானியாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் அவர், தொலைபேசி வந்தபோது யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எண்ணினார்.

ஆனால் பந்தய விகிதம் சரியாகச் சொன்ன ஆண்டுகளும் உண்டு. அங்கேதான் கதை இருள்கிறது. 2008-இல் அறிவிப்புக்கு முன்பு பிரெஞ்சு எழுத்தாளர் ல க்ளெஸியோவின் பெயரில் திடீரெனப் பணம் குவிந்தது. லாட்ப்ரோக்ஸ் பந்தயத்தை நிறுத்தியது. பரிசு அவருக்கே போனது. தகவல் கசிந்திருக்கலாம் என்று அப்போதைய நிரந்தரச் செயலாளர் ஹொராஸ் எங்தாலே சந்தேகப்பட்டார். அடுத்த ஆண்டு பரிசு பெற்ற ஹெர்தா ம்யுல்லரின் வாய்ப்பும் பந்தயச் சந்தையில் கடைசி நாட்களில் சரசரவென ஏறியது. 2017 நவம்பரில் ஸ்வீடன் நாளிதழான 'தாகென்ஸ் நிஹெட்டர்' 18 பெண்களின் பாலியல் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் அகாதெமி உறுப்பினர் ஒருவரின் கணவர். பரிசு பெறுவோரின் பெயர்களை அவர் ஏழு முறை முன்கூட்டியே வெளியே சொன்னார் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து எழுந்தது. அதை அவர் மறுத்தார். பாலியல் வன்முறை வழக்கில் அவர் 2018-இல் தண்டிக்கப்பட்டார். அகாதெமியின் முதல் பெண் நிரந்தரச் செயலாளரான சாரா தானியஸ் பதவி விலக நேர்ந்தது; அவருக்கு நேர்ந்தது அநீதி என்றே நினைக்கிறேன். அந்த ஆண்டு இலக்கியப் பரிசு அறிவிக்கப்படவே இல்லை. 2019-இல் இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஓல்கா தோகார்ச்சுக்குக்கும் பீட்டர் ஹண்ட்கேவுக்கும் கொடுத்தார்கள்.

பந்தயச் சந்தையின் இந்த இயல்பு இன்னும் மாறவில்லை. 2025-இல் நார்வே நாட்டுக் குழு வழங்கும் அமைதிப் பரிசில், அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்னதாக இணையப் பந்தயத் தளம் ஒன்றில், அப்பரிசைப் பெற்ற வெனிசுவேலாவின் மரியா கொரினா மச்சாதோவின் வாய்ப்பு ஒற்றை இலக்கச் சதவீதத்திலிருந்து எழுபதுக்கு மேல் தாவியது. கசிவா என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. ஒரு பெயரின் வாய்ப்பு மெதுவாக ஏறினால் அது வாசகர்களின் ஆசை. ஒரே இரவில் தாவினால் உள்ளேயிருந்து யாரோ பேசியிருக்கிறார்கள் என்று ஐயப்பட இடமுண்டு. இரண்டிலுமே இலக்கிய அறிவு இல்லை.

ஊகங்களால் எழுத்தாளர்களுக்கு என்ன ஆகிறது என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. முரகாமியின் பெயர் எப்படி இந்தச் சுழலுக்குள் வந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். செக் நாட்டின் பிரான்ஸ் காஃப்கா பரிசு 2004-இல் எல்ஃப்ரீட யெலினெக்குக்கும், 2005-இல் ஹெரால்ட் பின்ட்டருக்கும் கொடுக்கப்பட்டது. இருவருக்கும் அதே ஆண்டில் நோபெல் கிடைத்தது. 2006-இல் காஃப்கா பரிசு முரகாமிக்குப் போனதும், அடுத்து அவர்தான் என்று உலகம் முடிவுகட்டிவிட்டது. அவ்வாண்டு ஓரான் பாமுக் பரிசு பெற்றார். இரண்டு தற்செயல்களிலிருந்து பிறந்த அந்த எதிர்பார்ப்பு இன்றும் ஓயவில்லை. டோக்கியோவின் செண்டகாயா பகுதியில், முரகாமி இளமையில் ஜாஸ் இசை விடுதி நடத்திய இடத்துக்கு அருகில் உள்ள ஹதோனோமோரி ஹச்சிமான் கோயிலில், அவருடைய வாசகர்கள் ஆண்டுதோறும் கூடிக் காத்திருக்கிறார்கள். தம் நூல்களை இத்தனை நாடுகளில் இத்தனை பேர் படிக்கும் ஓர் எழுத்தாளரை, கிடைக்காத ஒன்றின் பெயரால் அடையாளம் காட்டுவது அவருக்குச் செய்யும் நியாயமல்ல. 2018-இல் நோபெல் இல்லாத ஆண்டில் ஸ்வீடனில் ஒரு மாற்றுப் பரிசை ஏற்படுத்தி அவரை இறுதிப் பட்டியலில் சேர்த்தபோது, எழுத்தில் கவனம் செலுத்த விரும்புவதாகச் சொல்லி அவர் விலகிக்கொண்டார். அப்பரிசை மரிஸ் கோந்தே பெற்றார்.

கூகியின் கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. கென்யாவில் மக்களோடு சேர்ந்து கிகுயு மொழியில் நாடகம் போட்டதற்காக 1977-இன் கடைசி நாளில் கைது செய்யப்பட்டவர். கமிதி என்ற சிறையில் கழிப்பறைத் தாளில் ஒரு நாவலை எழுதினார். அதுவே கிகுயுவில் அவர் எழுதிய முதல் நாவல்; தமிழிலும் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்ற பெயரில் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் புகழ்பெற்ற பிறகு தாய்மொழிக்குத் திரும்பிய எழுத்தாளர் உலகில் எத்தனை பேர்? தமிழில் எழுதும் எவருக்கும் அவருடைய வாதங்கள் நேராகத் தைக்கும். 2010-இலும் 2016-இலும் இன்னும் பல ஆண்டுகளிலும் பந்தயப் பட்டியலின் உச்சியில் அவர் பெயர் இருந்தது. 2025 மே 28-ஆம் தேதி அவர் இறந்தார். இறந்தவருக்கு நோபெல் வழங்குவதில்லை என்பது விதி. மிலன் குந்தேரா, இஸ்மாயில் கதாரே, ஃபிலிப் ராத், ஹாவியர் மரியாஸ் ஆகியோரும் இப்படியே ஆண்டுக்கணக்கில் ஊகிக்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தவர்கள். கூகி எப்போதாவது அந்த ஐவரில் ஒருவராக இருந்தாரா என்பதை முழுமையாக அறிய 2070-கள்வரை ஆகும். அவருக்குக் கொடுக்காதது அகாதெமியின் பெரும் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பந்தயத்தை விட்டுவிட்டால், உண்மையாகவே உதவும் தடயங்கள் உண்டா? உண்டு. அவை மெதுவானவை.

சர்வதேச புக்கர் பரிசைப் பாருங்கள். அது முன்பு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் எழுத்தாளரின் வாழ்நாள் பணிக்காகக் கொடுக்கப்பட்டது. 2016 முதல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு நூலுக்காக ஆண்டுதோறும் கொடுக்கப்படுகிறது. 2009-இல் பெற்ற ஆலிஸ் மன்றோவுக்கு 2013-இல் நோபெல். 2015-இல் பெற்ற லாஸ்லோ க்ராஸ்னஹோர்க்காய்க்கு 2025-இல் நோபெல். 2016-இல் பெற்ற ஹான் காங்குக்கு 2024-இல். 2018-இல் பெற்ற தோகார்ச்சுக்குக்கு அந்த ஆண்டுக்கான நோபெலே. எர்னோ 2019-இலும் யோன் ஃபோஸ்ஸே 2022-இலும் அதன் இறுதிப் பட்டியலில் இருந்தவர்கள். அமெரிக்காவின் நியூஸ்டாட் பரிசும் முன்பு இப்படி இருந்தது: கார்சியா மார்க்கேஸ், செஸ்வாவ் மிவோஷ், ஒக்டாவியோ பாஸ், டிரான்ஸ்ட்ரோமர் ஆகிய நால்வரும் அதைப் பெற்ற பிறகு நோபெல் பெற்றார்கள். டிரான்ஸ்ட்ரோமருக்கு இடைவெளி 21 ஆண்டுகள்.

இந்த இடைவெளிதான் முக்கியம். ஒரு பரிசு அடுத்த பரிசுக்குக் காரணமாவதில்லை. காஃப்கா பரிசு விஷயத்தில் உலகம் செய்த பிழை அதுதான். ஒரு மொழிபெயர்ப்பாளர் பல ஆண்டுகள் ஓர் எழுத்தாளரோடு வாழ்ந்து, நூல் நூலாகக் கொண்டுவந்து, வேற்றுமொழியில் அவருடைய முழு உருவம் தெரியும்படி செய்கிறார். அதை ஒரு நடுவர் குழு படித்து ஏற்கிறது. சில ஆண்டுகள் கழித்து ஸ்டாக்ஹோமும் அதையே படிக்கிறது. க்ராஸ்னஹோர்க்காயின் முதல் நாவல் ஹங்கேரியில் 1985-இல் வெளிவந்தது. ஜார்ஜ் சிர்தெஷ், ஒட்டிலி முல்செட் போன்றவர்கள் பக்கக்கணக்கில் நீளும் அவருடைய வாக்கியங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பது ஆண்டுப் பணியின் முடிவு அந்த அக்டோபர் அறிவிப்பு.

மிகச் சிறந்த கணிப்பாளர் யார் என்று என்னைக் கேட்டால், 2014-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஃபிட்ஸ்கரால்டோ என்ற சிறு பதிப்பகத்தைச் சொல்வேன். ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச், தோகார்ச்சுக், எர்னோ, ஃபோஸ்ஸே ஆகியோரை வெளியிட்டவர்கள் அவர்கள். ஒருவரின் ஒரு நூலைப் போட்டுவிட்டு ஓடிவிடாமல், தொடர்ந்து அவருடைய எழுத்துகளைக் கொண்டுவந்தார்கள். நோபெலைக் குறிவைத்து அதைச் செய்திருக்க முடியாது. நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

அகாதெமியின் சொந்தப் போக்குகளும் ஓரளவு உதவும். 2008-இல் எங்தால், ஐரோப்பாவே இன்னும் இலக்கிய உலகின் மையம், அமெரிக்கா தனித்து ஒதுங்கிக் கிடக்கிறது என்று பேசினார். டோனி மாரிசன் பெற்ற 1993-க்குப் பிறகு 2016-வரை அமெரிக்கர் எவருக்கும் பரிசு இல்லை. 2019-இல் குழுத் தலைவர் ஆண்டர்ஸ் ஓல்சன், ஐரோப்பாவையும் ஆண்களையும் மட்டுமே சுற்றிவந்த பார்வையிலிருந்து விலக வேண்டும் என்றார். சில நாட்களில் இரண்டு ஐரோப்பியர்களுக்குப் பரிசு அறிவித்தார்கள்! ஆனாலும் சொன்னது வீண்பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 முதல் 2025 வரை ஆணும் பெண்ணுமாக மாறி மாறியே பரிசு போயிருக்கிறது: இஷிகுரோ, தோகார்ச்சுக், ஹண்ட்கே, லூயிஸ் க்ளுக், குர்னா, எர்னோ, ஃபோஸ்ஸே, ஹான் காங், க்ராஸ்னஹோர்க்காய். இது விதி என்று அவர்கள் எங்கும் சொன்னதில்லை. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் மொத்தம் 18 பெண்களுக்கே கொடுத்திருக்கும் ஓர் அமைப்பு, அண்மையில் இதைப் பற்றி யோசிக்கிறது என்பது தெரிகிறது. அரபு மொழிக்கு 1988-இல் நகீப் மஹ்ஃபூஸோடு நின்றுவிட்டது. லத்தீன் அமெரிக்காவுக்கு 2010-க்குப் பிறகு இல்லை. இந்திய மொழிகளுக்கு 1913-க்குப் பிறகு இல்லை.

என் கணிப்பைச் சொல்ல வேண்டுமானால், 2026-இல் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள ஒரு பெண்ணுக்கு வாய்ப்பு அதிகம் என்பேன். மெக்சிகோவின் கிறிஸ்டினா ரிவேரா கார்ஸாவும் சீனாவின் ட்சான் ஷ்வேயும் நான் கவனிக்கும் பெயர்கள். என் ஆசை வேறு. 1930-இல் சிரியாவில் பிறந்த அரபுக் கவி அடோனிஸுக்கு எப்போதோ கொடுத்திருக்க வேண்டும்.

அப்படியானால் தமிழுக்கு எப்போது? ஒவ்வோர் அக்டோபரிலும் எழும் இந்தக் கேள்வியை நான் கேலியாகப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் நியாயமான பெருமிதம் இருக்கிறது. ஆனால் இதையும் நாம் ஊகத்தின் மொழியிலேயே கேட்கிறோம். நோபெல் ஆவணங்களில் நம் பகுதியோடு தொடர்புடைய பெயர்கள் இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர் 1943-இல் பரிந்துரைக்கப்பட்டார். திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் இலக்கியத்துக்காக மட்டுமே 16 முறை பரிந்துரைக்கப்பட்டார். இருவரும் எழுதியது ஆங்கிலத்தில். பரிந்துரைத்தவர்களால் நேரடியாகப் படிக்க முடிந்தது. வங்க நாவலாசிரியர் தாராசங்கர் பந்தோபாத்யாயவின் பெயர் 1971 பரிந்துரைகளில் இருந்தது 2022-இல் தெரியவந்தது. அவர் அதே ஆண்டில் இறந்துபோனார்.

பரிந்துரைக்கத் தகுதியுள்ளவர்களின் வரையறையில் பல்கலைக்கழக இலக்கியப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தமிழ்த்துறைகள் கவனிக்க வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் தமிழ்ப் பேராசிரியர்கள் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். டோல்கீனுக்காக லூயிஸ் எழுதிய கடிதத்துக்கும் அவர்கள் எழுதக்கூடிய கடிதத்துக்கும் அகாதெமியின் விதியில் ஒரே மதிப்புதான். கடிதத்தோடு காரணங்களும் இருக்க வேண்டும். எழுத்தாளரின் நூல்கள் எந்தெந்த மொழிகளில் கிடைக்கின்றன என்பதும் தெளிவாக வேண்டும். அந்த இடத்தில்தான் நாம் தடுமாறுவோம். இப்பரிசு ஒரு நூலுக்கானதல்ல. ஒருவருடைய மொத்த எழுத்துக்கானது. ஐந்தாறு முக்கிய நூல்களாவது ஆங்கிலத்திலும், முடிந்தால் பிரெஞ்சிலோ ஜெர்மனிலோ ஸ்வீடிஷிலோ, படிக்கத்தக்க தரத்தில் இருந்தால்தான் கோடைக்காலத்தில் ஸ்டாக்ஹோமில் ஒருவர் அவற்றைக் கையில் எடுக்க முடியும்.

தமிழில் அந்த நிலையை நெருங்குபவர்கள் மிகச் சிலர். பெருமாள்முருகனின் நாவல்கள் தொடர்ந்து ஆங்கிலத்தில் வருகின்றன. அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில் அவருடைய 'பூக்குழி' 2023-இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில் கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலும், 2025-இல் பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளும் அப்பரிசையே வென்றன. டெய்சி ராக்வெல், தீபா பாஸ்தி என்ற இரு மொழிபெயர்ப்பாளர்கள் பரிசில் சம பங்காளிகள். கன்னடத்துக்கு நடந்ததைத் தமிழால் செய்ய முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

எதிர்த் திசையிலும் ஒரு வேலை நடக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஹான் காங்கின் 'மரக்கறி' சமயவேல் மொழிபெயர்ப்பில், அவருக்கு நோபெல் கிடைப்பதற்கு முன்பே தமிழில் வந்திருந்தது. 2024 அக்டோபரில் அந்தப் பெயர் அறிவிக்கப்பட்டபோது "யார் இவர்?" என்று கேட்கத் தேவையில்லாத வாசகர்கள் தமிழில் இருந்தார்கள். அறிவிப்புக்குப் பிறகு உரிமத்தின் விலை ஏறிவிடும். அதற்கு முன்னால் ஒரு சிறு பதிப்பகமும் மொழிபெயர்ப்பாளரும் துணிந்து ஓர் எழுத்தாளரைத் தேர்ந்தெடுப்பது தங்கள் வாசிப்பின்மீது வைக்கும் நம்பிக்கை. க்ராஸ்னஹோர்க்காய், அடோனிஸ், ட்சான் ஷ்வே என்று காத்திருக்கும் பெயர்கள் நிறைய.

ஸ்வீடிஷ் அகாதெமிக்கென்று நோபெல் நூலகம் ஒன்று உண்டு. 1901-இல் தொடங்கப்பட்ட அதில் சுமார் இரண்டு லட்சம் நூல்கள் இருக்கின்றன. பொதுமக்களும் சென்று படிக்கலாம். உறுப்பினர்களுக்குத் தேவையான நூல்களைத் திரட்டித் தருவதே அதன் முதல் வேலை. நம் மொழிபெயர்ப்பு நூல்கள் அந்த அலமாரிகளுக்குப் போய்ச் சேரவும், தகுதியான பேராசிரியர் ஒருவர் ஜனவரி 31-க்குள் காரணங்களோடு கூடிய கடிதம் ஒன்றை அனுப்பவும் எவருடைய அனுமதியும் தேவையில்லை. தமிழ்த்துறை ஒன்று இந்த ஆண்டே அதைத் தொடங்கலாம்.